பெயரிலிருந்து தொடங்குங்கள்: தோட்டப் பள்ளியில் போர் நினைவுக்கல் வைப்பது எப்படி

கல்லுக்கு நன்கொடை திரட்டுவதை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். உங்கள் பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேடு எங்கே இருக்கிறது என்று முதலில் தேடுங்கள். கல் எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். பதிவேட்டைக் கறையான் தின்றுவிட்டால் திரும்ப வராது.

நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்தவள். பிறகு அதே பள்ளிக்கு ஆசிரியையாக வந்தேன். பள்ளி தோட்டத்திலிருந்து டவுனுக்கு மாறியபோது கூடவே மாறி, அங்கிருந்தே ஓய்வு பெற்றேன். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில், சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்குப் போட்ட 'மரண ரயில்' பாதை வேலைக்குப் பிடித்துச் செல்லப்பட்டுத் திரும்பாமல் போன எங்கள் முன்னாள் மாணவர்களுக்கு, பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து ஒரு நினைவுக்கல் வைத்தோம். மற்றத் தோட்டப் பள்ளிக்காரர்கள் "நாங்களும் வைக்க வேண்டும், எங்கிருந்து தொடங்குவது?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பள்ளிதான் ஏன் இதைச் செய்ய வேண்டும்

கோயிலில் வைக்கலாம், சங்கக் கட்டடத்தில் வைக்கலாம் என்பார்கள். வைக்கட்டும், நல்லதுதான். ஆனால் இந்த மனிதர்களைப் பெயர் சொல்லி எழுதி வைத்த இடம் பள்ளி ஒன்றுதான். தோட்டத்தின் செக்ரோலில், அதாவது ஆள்பேர்க் கணக்கில், அவர்கள் ஒரு நம்பர். ரயில் பாதையில் ஆள் கணக்கு. பள்ளிப் பதிவேட்டில் மட்டும் இன்னாரின் மகன் இன்னார், இந்த வயதில், இந்த நாளில் சேர்ந்தான் என்று ஓர் ஆசிரியர் மையால் எழுதியிருக்கிறார்.

சயாமிலுள்ள பான் போங் பக்கத்திலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் பாதை. 1942 நடுவில் வேலை தொடங்கியது. இரு முனையிலிருந்தும் போட்டுவந்த தண்டவாளம் 1943 அக்டோபர் 17ஆம் தேதி நடுவில் சேர்ந்தது. நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் அங்கே வேலை செய்தார்கள். அவர்களில் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். காஞ்சனபுரி, சுங்காய், தன்பியூசயாட் ஆகிய மூன்று போர்க் கல்லறைகளில் வரிசை வரிசையாகக் கற்கள் நிற்கின்றன. காஞ்சனபுரியில் மட்டும் ஏறத்தாழ 7,000.

அதே பாதையில் வேலை செய்த ஆசியத் தொழிலாளர்கள் சுமார் இரண்டு லட்சம் பேர் என்றும், இறந்தவர்கள் 90,000 பேர் அளவில் இருக்கலாம் என்றும் மதிப்பிடுகிறார்கள். எல்லாமே மதிப்பீடுதான், ஆளுக்கு ஆள் வேறுபடும். மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பகுதி தோட்டத்துத் தமிழர்கள். கைதிகளுக்குப் படைப்பிரிவு இருந்தது, பெயர்ப் பட்டியல் இருந்தது, செத்தவரைக் குறித்துவைக்க அதிகாரி இருந்தார். நம்மவர்களுக்கு அப்படி ஒருவரும் இல்லை. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது முகாம் முகாமாகச் செத்தார்கள், எரித்தார்கள், புதைத்தார்கள். காஞ்சனபுரி தாவோர்ன் விகாரை வளாகத்தில் தமிழர்களுக்கென்று அண்மையில் ஒரு நடுகல் எழுந்திருக்கிறது. மனம் நிறைந்தது. ஆனால் பெயர்களை அங்கிருந்து எடுக்க முடியாது. அவை புறப்பட்ட இடத்தில்தான் கிடைக்கும். புறப்பட்ட இடம் நம் தோட்டம்.

பதிவேட்டைத் தேடுவது

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, ஒரு தோட்டத்தில் 7 முதல் 14 வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டியிருந்தது. அதனால் போருக்கு முன்பே பல தோட்டங்களில் பள்ளி உண்டு. அது குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஓர் ஓலைக் கொட்டகையாக இருந்திருக்கலாம், தோட்டக் குமாஸ்தாவான கிராணியே வாத்தியாராக இருந்திருக்கலாம். ஆனால் பதிவேடு இருந்திருக்கும்.

இப்போது அது எங்கே? உங்கள் பள்ளியில் இல்லையென்றால், தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில் எந்தெந்தப் பள்ளிகள் எதோடு சேர்ந்தன என்று விசாரியுங்கள். ஒரு பள்ளி மூடினால் அதன் பீரோ பக்கத்துப் பள்ளிக்குப் போகும், உள்ளே இருப்பதை யாரும் பார்க்க மாட்டார்கள். முன்னாள் தலைமையாசிரியர்களின் பிள்ளைகளைக் கேளுங்கள். தோட்ட ஆபீஸ் ஸ்டோரையும் மாரியம்மன் கோயில் சாமான் அறையையும் கேட்டுப் பாருங்கள். கோயில் வசூல் நோட்டும் உதவும், அதில் வீட்டுத்தலைவர் பெயர்கள் வருடவாரியாக இருக்கும்.

கிடைத்தவுடன் லேமினேட் செய்ய ஓடாதீர்கள். செலோடேப் ஒட்டாதீர்கள், சில வருடத்தில் பசை மஞ்சளாகி எழுத்தையும் எடுத்துக்கொண்டு போகும். கையை நன்றாகக் கழுவித் துடைத்துக்கொண்டு, பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் வைத்து, ஃபிளாஷ் இல்லாமல் கைப்பேசியில் பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள். ஒவ்வொரு படத்திலும் பக்க எண் எழுதிய சிறு துண்டுத்தாள் தெரிய வேண்டும். படங்களை இரண்டு பேர் தனித்தனியாகச் சேமித்து வையுங்கள்.

எல்லாப் பக்கங்களையும் ஒரே மூச்சில் படிக்க வேண்டியதில்லை. 1942, 43இல் பெரும்பாலும் இளைஞர்களைத்தான் தேடிப் பிடித்தார்கள். அப்போது 15 முதல் 27 வயது வரை இருந்தவர் ஏழெட்டு வயதில் பள்ளிக்கு வந்திருந்தால், 1922க்கும் 1936க்கும் இடைப்பட்ட சேர்க்கைப் பக்கங்களில் இருப்பார். அங்கிருந்து தொடங்குங்கள், பிறகு முன்னும் பின்னும் போகலாம்.

படிக்கும்போது மூன்று விஷயங்களில் இளையவர்கள் திணறுவார்கள். ஒன்று, பழைய எழுத்து. ணை, லை, ளை, னை, ணா, றா, னா எல்லாம் பழைய வடிவத்தில் இருக்கும். தமிழ்நாட்டில் 1978இல்தான் சீர்திருத்த எழுத்து அரசாணை வந்தது, இங்கே அதற்கும் பிறகு. எழுபது வயதுக்கு மேற்பட்ட ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு, ஆண்டு. ஜப்பான் ஆட்சிக் காலத்துப் பக்கங்களில் 2602, 2603 என்று வரும். அது ஜப்பானியப் பேரரசு ஆண்டு, 660ஐக் கழித்தால் 1942, 1943. எங்கள் பிள்ளைகள் அதைப் பதிவு எண் என்று நினைத்துத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். மூன்று, பிறந்த தேதி. பல பெற்றோருக்குத் தேதி தெரியாது, ஆசிரியர் ஒன்றைப் போட்டுவிடுவார். ஆகவே பிறந்த தேதியை வைத்து ஆளை அடையாளம் காணாதீர்கள். அப்பா பெயரை வைத்துக் காணுங்கள்.

"நீங்கிய காரணம்" என்ற கட்டத்தைக் கவனமாகப் பாருங்கள். 'வேலைக்குப் போனான்', 'தோட்டம் மாறினான்', 'இந்தியா போனான்' என்று எழுதியிருக்கும். போருக்கு முன்பே இந்தியா போனவனும் சயாம் போனவனும் ஒரே பெயரில் இருப்பார்கள். ஒரு தோட்டத்தில் முனியாண்டி ஏழு பேர், ராமசாமி ஐந்து பேர் இருப்பது சாதாரணம். இந்தக் கட்டம்தான் அவர்களைப் பிரித்துக் காட்டும்.

சில பதிவேடுகளில் சாதிக்கும் ஒரு கட்டம் இருக்கும். அதைப் படியெடுக்காதீர்கள், பட்டியலில் சேர்க்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

லயத்தை வரையுங்கள்

பதிவேடு பெயரைத் தரும். அந்தப் பெயருக்கு என்ன ஆயிற்று என்பதை மனிதர்கள்தான் சொல்ல வேண்டும். ஜப்பான் காலத்தைப் பார்த்தவர்களுக்கு இன்று தொண்ணூறு வயதுக்கு மேல். பெரும்பாலும் நீங்கள் பேசப்போவது பிள்ளைகளிடமும் பேரப்பிள்ளைகளிடமும்தான். "உங்கள் வீட்டில் சயாமுக்குப் போனவர் உண்டா?" என்று நேராகக் கேட்டால் "ஆமாம், பெரியப்பா ஒருவர்" என்பதோடு பேச்சு நின்றுவிடும். பெயர்கூட வராது, ஏனென்றால் வீட்டில் அவரைப் 'பெரியப்பா' என்றே சொல்லியிருப்பார்கள்.

எங்களுக்குப் பலன் தந்த வழி இது. ஒரு பெரிய மணிலாத் தாளில் தோட்டத்தின் லயங்களை, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, வரையுங்கள். தண்ணீர்க் குழாய் எங்கே, கோயில் எங்கே, ரப்பர்ப் பால் ஸ்டோர் எங்கே, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களம் எங்கே என்று போடுங்கள். ஒவ்வொரு லயத்துக்கும் கதவு கதவாகக் கட்டம் கட்டுங்கள். அதைப் பெரியவர் முன் விரித்து, "பாட்டி, உங்க கதவு எது? வலப்பக்கம் யார் இருந்தாங்க? அதுக்கு அடுத்த கதவு?" என்று கேளுங்கள். ஆள் பெயர் மறந்தவர்களுக்கும் கதவு மறப்பதில்லை. "இந்தக் கதவுல ரெண்டு பசங்க, ரெண்டு பேரையும் லாரியில ஏத்தினாங்க, அவங்க அம்மா பின்னாலயே ஓடினா" என்று ஒரு பாட்டி சொன்னபோது, அந்தக் கட்டத்துக்குரிய குடும்பத்தைப் பதிவேட்டில் தேடினோம். ஒரே அப்பா பெயரில் இரண்டு மாணவர்கள் இருந்தார்கள், ஒருவன் மூன்றாம் வகுப்போடும் இன்னொருவன் நான்காம் வகுப்போடும் நின்றவர்கள்.

வருடத்தைக் கேட்காதீர்கள், நிகழ்ச்சியைக் கேளுங்கள். வெள்ளைக்காரத் துரை ஓடுவதற்கு முன்பா, பின்பா? ஜப்பானியர் அச்சிட்ட வாழைமரத்து நோட்டு வந்துவிட்டதா? அரிசி இருந்ததா, மரவள்ளிக்கிழங்கு மட்டும்தானா? சாக்கைத் துணியாகக் கட்டிய காலமா? முதலில் போனவர்கள் கூலி வெள்ளி, ரேஷன், சில மாதத்தில் திரும்பலாம் என்ற பேச்சை நம்பிப் போனார்கள். பிறகு யாரும் நம்பவில்லை, அதனால் வளைத்துப் பிடித்தார்கள். இலவசப் படம் காட்டுவதாகக் கூட்டிவந்து கதவைச் சாத்தி லாரியில் ஏற்றியதைப் பல ஊர்களில் சொல்கிறார்கள். ஒருவர் தாமாகப் போனாரா, பிடிபட்டாரா என்பது தெரிந்தால் ஏறக்குறைய எந்தக் காலம் என்பதும் தெரியும்.

காலையில் போங்கள், பசியாறிய பிறகு. கூட்டமாகப் போகாதீர்கள். அனுமதி கேட்டுப் பதிவு செய்யுங்கள். பெரியவர் அழுதால் கேள்வியை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள், அன்றைக்கு அவ்வளவுதான். இன்னொரு நாள் போகலாம். இந்த வீடுகளில் பலருக்குத் திதி கொடுக்க ஒரு நாள் கிடையாது. இறந்த நாள் தெரியாது, இறந்தாரா என்பதே பல வருடம் தெரியாது. திரும்பி வந்த யாரோ ஒருவர் "நிக்கி முகாமில் பார்த்தேன், வயிற்றாலே போய்க்கொண்டிருந்தது" என்று சொன்னதே கடைசிச் சேதி. அந்தச் சேதியை அவர் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு கேள்வி கட்டாயம் வரும்: "பட்டியல் கொடுத்தது யார் தெரியுமா?" தோட்டத்திலிருந்து இத்தனை ஆள் என்று ஜப்பானியர் கேட்டபோது, கிராணியோ கங்காணியோ பெயர் எழுதிக் கொடுத்த இடங்கள் உண்டு. மிரட்டலில் எழுதியவரும் உண்டு, வேண்டாதவனை ஒழிக்க எழுதியவரும் உண்டு என்பார்கள். அந்தக் குடும்பத்தின் பேரன் உங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலேயே இருக்கலாம். சொல்வதைக் கேளுங்கள், தனி நோட்டில் எழுதிப் பூட்டி வையுங்கள், கல்லுக்கும் மேடைக்கும் கொண்டு வராதீர்கள். கல் இறந்தவர்களுக்கானது. எழுதிக் கொடுத்தவரே பிறகு பிடிபட்டுச் செத்திருந்தால், அவரும் உங்கள் பள்ளி மாணவர் என்றால், அவர் பெயரும் கல்லில் வர வேண்டும் என்பது என் முடிவு. எங்கள் குழுவில் இதைக் கடுமையாக எதிர்த்தவர்கள் உண்டு. கடைசியில் ஒத்துக்கொண்டார்கள்.

சரிபார்ப்பது

ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும், அதோடு ஒரு குடும்பமாவது அயலாராவது அவர் போனதையும் திரும்பாததையும் சொல்ல வேண்டும். பதிவேடு இல்லாத வருடங்களுக்கு, ஒன்றுக்கொன்று உறவில்லாத இரண்டு வீடுகள் ஒரே விவரத்தைத் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். இவை 'உறுதி'. மற்றவை 'விசாரணையில்'. உறுதியானவை மட்டும் கல்லுக்குப் போகும். மற்றவை பள்ளி நூலகத்தில் வைக்கும் நோட்டில் இருக்கும்.

படையில் இருந்தவர்களுக்கு வேறு வழி உண்டு. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத் தேடல் இலவசம். குடும்பப் பெயருக்கான கட்டத்தில் முழுப் பெயரையும் போட்டுப் பாருங்கள். நம் பெயர்களை அன்றைய அதிகாரிகள் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினார்கள், அதனால் குறில் நெடில் மாற்றி, ஓர் எழுத்தைக் கூட்டிக் குறைத்துத் தேட வேண்டும். மலாயாவின் தொண்டர் படைகளிலும் பிரிட்டிஷ் இந்தியப் படையிலும் இறந்தவர்கள் அங்கே கிடைப்பார்கள். சிங்கப்பூர் கிராஞ்சி நினைவகச் சுவர்களில் 24,000க்கு மேற்பட்ட பெயர்கள் உள்ளன. ரயில் பாதைத் தொழிலாளர்களை அங்கே தேடாதீர்கள், அவர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தின் பழைய நாளிதழ்த் தொகுப்பில் தமிழ் முரசும் இருக்கிறது. போர் முடிந்த பிறகு வந்த இதழ்களில் உங்கள் ஊர்ப் பெயரைப் போட்டுப் பாருங்கள்.

மாணவர்களை ஒரு நாள் தைப்பிங் போர்க் கல்லறைக்குக் கூட்டிப் போங்கள், எங்கள் ஊரிலிருந்து பக்கம்தான். சாலையின் ஒரு பக்கம் கிறிஸ்தவர்கள், மறு பக்கம் இந்து, முஸ்லிம், சீக்கிய, கூர்க்கா வீரர்கள். 850க்கு மேற்பட்ட கல்லறைகள், அவற்றில் 500க்கு மேல் பெயர் தெரியாதவை. பெயர் தெரியாத கல் எப்படி இருக்கும் என்று பிள்ளைகள் பார்த்தால், பதிவேட்டு வேலையில் அவர்கள் காட்டும் பொறுப்பே வேறு. போகும் வழியில்லாதவர்கள் ஈப்போ ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள நினைவுத்தூணையாவது பாருங்கள். முதல் உலகப் போருக்கு எழுப்பியது. பிற்காலத்தில் சயாம்–பர்மா ரயிலில் இறந்தவர்களுக்கும் அதில் ஒரு பலகை சேர்ந்தது.

யார் யார் பெயர் வரும்

இதைக் கல் வெட்டும் முன்பே எழுத்தில் முடிவு செய்யுங்கள்.

ரயில் பாதையில் இறந்தவர்களைப் பற்றிச் சிக்கலில்லை. திரும்பி வந்து, காலில் ஆறாத புண்ணோடும் மலேரியாவோடும் வீட்டில் செத்தவர்கள்? காமன்வெல்த் ஆணையம் தன் படைவீரர்களுக்கு 1947 டிசம்பர் 31 வரை இறந்தவர்களைப் போரில் இறந்தவர்களாகவே கணக்கிடுகிறது. சிப்பாய்க்கு உள்ள அந்தத் தேதி, மண் சுமந்த தொழிலாளிக்கும் இருக்கட்டும். 1917இல் அமைந்த அந்த ஆணையத்தின் கொள்கையே பதவி, இனம், மதம் பார்க்காமல் ஒவ்வொருவருக்கும் தனிப்பெயர் என்பதுதான். ஆனால் முதல் உலகப் போரில் இறந்த ஏராளமான இந்திய, ஆப்பிரிக்க வீரர்களுக்கு அதைச் செய்யவில்லை என்று 2021இல் அவர்களே அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டார்கள். அந்தக் கொள்கையை நம் பள்ளிச் சுவரிலாவது முழுதாக நிறைவேற்றுவோம்.

இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்கள்? 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்த பிறகு தோட்டங்களிலிருந்து நிறையப் பேர் சேர்ந்தார்கள். ஜான்சி ராணிப் படையில் ரப்பர்ப் பால் வெட்டிய பெண் பிள்ளைகளும் இருந்தார்கள். சயாமுக்குப் பிடித்துப் போவதிலிருந்து தப்பிக்கவே சேர்ந்தவர்களும் உண்டு. இந்தப் படையில் ஒரு பையன், பிரிட்டிஷ் இந்தியப் படையில் இன்னொரு பையன், இருவரும் ஒரே பள்ளி என்றால் ஒரே கல்லில் அகர வரிசையில் வரட்டும். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவர்களைக் கல்லில் பிரிக்க வேண்டாம். பெண் பிள்ளைகளின் பெயர்களைத் தனியாகத் தேடுங்கள், அன்றைய பதிவேட்டில் அவர்கள் குறைவு, கண்ணில் தப்பிவிடும்.

எங்கள் ஊரில் இன்னொரு கேள்வி தவிர்க்க முடியாதது. 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்துத்தான், கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக பிரிட்டிஷ் அரசு அறிவித்த அவசர காலம் நாட்டில் வந்தது. 1960 ஜூலை 31 வரை நீடித்த அந்தக் காலத்தில் காட்டிலிருந்து வந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்களாலும் இறந்தார்கள், காவல் படையாலும் இறந்தார்கள், காவல் படையில் இருந்தும் இறந்தார்கள். எல்லாரிலும் தோட்டத்துப் பிள்ளைகள் உண்டு. எங்கள் கல்லுக்கு 1941–1945 போரால் இறந்தவர்கள் என்று எல்லை போட்டோம், அவசர காலத்துக்குத் தனி நோட்டு தொடங்கினோம். இரண்டையும் ஒரே கல்லில் சேர்த்தால் யார் எந்தப் பக்கம் என்ற சண்டையில் ரயில் பாதைக்காரர்கள் மறைந்துபோவார்கள் என்று எனக்குத் தோன்றியது. உங்கள் ஊரில் வேறு மாதிரி இருக்கலாம்.

குடும்பத்தார் வேண்டாம் என்றால் அந்தப் பெயரை வெட்டாதீர்கள். காரணமும் கேட்காதீர்கள்.

கல்லில் என்ன எழுதுவது

நம் முன்னோர் நடுகல்லில் எழுதிய முறையைப் பாருங்கள். இன்ன அரசனுக்கு இத்தனையாவது ஆண்டு, இன்ன ஊர், இன்னார் மகன், இன்ன சண்டையில் பட்டான். அவ்வளவுதான், அலங்காரம் இல்லை. திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்றில், வீரனின் பெயரோடு அவனுடைய நாயின் பெயரும் வெட்டியிருக்கிறது, கோவிவன் என்று. ஆயிரத்து நானூறு வருடமாக அந்த நாயின் பெயர் நிற்கிறது. எண்பது வருடத்துக்கு முன் நம் தோட்டத்திலிருந்து போன மனிதனுக்குப் பெயர் இல்லை என்றால் எனக்குத் தாங்கவில்லை.

ஆகவே ஒவ்வொரு வரியும் இப்படி இருக்கட்டும்: பெயர், த/பெ அப்பா பெயர், தெரிந்தால் அம்மா பெயர், எந்தத் தோட்டம் அல்லது டிவிஷன், பள்ளியில் இருந்த ஆண்டுகள். இறந்த இடம் உறுதியாகத் தெரிந்தால் மட்டும் போடுங்கள். தலைப்பில் 'வீரமரணம்', 'தியாகம்' என்று எழுதும் ஆசையை அடக்குங்கள். பிடித்துக்கொண்டு போனார்கள், வேலை வாங்கினார்கள், இறந்தார்கள். அப்படியே எழுதுங்கள். கீழே மலாயில் ஒரு சுருக்கம் போட்டால் பள்ளிக்கு வரும் மற்ற இனத்தாரும் படிப்பார்கள்.

ஈப்போ பக்கம் சலவைக்கல் மலிவாகக் கிடைக்கும். திறந்த வெளியில் வைக்காதீர்கள், மழையில் அரித்து எழுத்து மழுங்கிவிடும். கறுப்புக் கருங்கல் நல்லது. பித்தளைப் பலகை வேண்டாம், பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். வெறும் பெயிண்டில் எழுதாமல் ஆழமாக வெட்டச் சொல்லுங்கள்.

இங்கே கல் வெட்டுபவர்கள் பெரும்பாலும் கல்லறைக் கல் செய்யும் சீனர்கள். கைவேலை அருமையாக இருக்கும், ஆனால் தமிழ் தெரியாது. நீங்கள் அனுப்பிய கோப்பை அவர்கள் கணினியில் திறக்கும்போது எழுத்துரு மாறி, ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்காரும், புள்ளி பறந்துவிடும். எழுத்தைப் படமாக மாற்றிக் கொடுங்கள். கல்லின் முழு அளவில் ஒரு தாள் அச்சு கேட்டு வாங்கி, அதைச் சுவரில் ஒட்டி, பெயருக்குரிய குடும்பங்களை வரவழைத்து அவரவர் வரியைப் படிக்கச் சொல்லுங்கள். அவர்கள் ஒப்பம் வைத்த பிறகு வெட்டலாம். எழுத்து குறைந்தது 2 சென்டிமீட்டர் உயரம் இருக்கட்டும், கடைசி வரி ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கண்ணுக்கு எட்டட்டும். நாலில் ஒரு பங்கு இடத்தைக் காலியாக விடுங்கள்.

அனுமதி, நாள், பராமரிப்பு

வெளியில் தனிக் கட்டுமானமாக எழுப்பினால் தலைமையாசிரியர், பள்ளி மேலாளர் வாரியம், மாவட்டக் கல்வி இலாகா, நகராண்மைக் கழகம், நிலம் தோட்டத்துடையது என்றால் நிர்வாகம் என்று எல்லாரிடமும் எழுத்தில் அனுமதி வேண்டும். மண்டபச் சுவரில் பதித்தால் பாதி வேலை குறையும், மழையிலிருந்தும் தப்பும். நாங்கள் சுவரில்தான் பதித்தோம்.

நினைவு நாளாக அக்டோபர் 17ஐ வைத்துக்கொண்டோம். பள்ளி விடுமுறையில் வந்தால் முந்தைய வாரம். பட்டியலில் இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் எல்லாரும் இருப்பதால் பூசை செய்வதில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பெயர்களை அப்பா பெயரோடு சத்தமாகப் படிப்பார்கள். குடும்பத்தார் பூ வைப்பார்கள். பேச்சாளர் வேண்டாம் என்பது என் பிடிவாதம், அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். தங்கள் வீட்டுப் பெரியவருக்கு அன்றே வீட்டில் படையல் போடத் தொடங்கிய குடும்பங்களும் இருக்கின்றன.

கல்லைத் தண்ணீரும் மெல்லிய தூரிகையும் கொண்டு மட்டும் துடையுங்கள். குளோரக்ஸ் வெளுப்பான், கம்பி பிரஷ் இரண்டும் கிட்டே வரக்கூடாது. பதிவேட்டின் படங்கள், லய வரைபடம், பேட்டிப் பதிவுகள் எல்லாவற்றின் ஒரு படியைக் கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்துக்குக் கொடுங்கள், ஏற்பார்களா என்று முன்பே எழுதிக் கேளுங்கள். பள்ளியிலுள்ள நோட்டின் முதல் பக்கத்தில், புதிய விவரம் தெரிந்தவர்கள் யாரிடம் சொல்ல வேண்டும் என்று பதவிப் பெயரைப் போட்டு எழுதுங்கள். ஆள் பெயரைப் போட்டால் ஆள் மாறியதும் அறுந்துபோகும். கல் வைத்த பிறகுதான் அதிகம் பேர் வருவார்கள், "எங்க தாத்தா பேரும் இருக்கணுமே" என்று. உட்கார வைத்து, லய வரைபடத்தை விரித்து, எந்தக் கதவு என்று கேளுங்கள்.